இடது மூலையில் நிற்பவன்

சுருளிவேல் சென்னைக்குப் போன வருஷத்தில் நெடுங்கரையில் மா நன்றாகக் காய்த்தது, குளத்தில் ஆவணி வரை தண்ணீர் நின்றது, பஸ் ஸ்டாண்டுக்குப் புதுக் கூரை போட்டார்கள், ஆனால் அந்த வருஷத்தைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் இதில் எதையும் சொல்ல மாட்டார்கள். சுருளி போன வருஷம் என்றுதான் சொல்வார்கள், சொன்ன வாய் மூடுவதற்குள், முழுசாகப் போகவில்லை என்று தாங்களே திருத்திக்கொள்வார்கள்.

மேற்கு மலையின் அடிவாரத்தில் கிடக்கிற அந்த ஊருக்குக் கூடைப்பந்து எப்படி வந்து சேர்ந்தது என்பதற்கு நாலைந்து கதைகள் உண்டு, எல்லாம் ஒரு பாதிரியாரிலோ ஒரு பி.டி. வாத்தியாரிலோ போய் முடியும். எப்படியோ வந்தது, வந்தது திரும்பிப் போகவில்லை. வைகாசியில் நடக்கிற போட்டிக்கு ஊரே பச்சைப் பெயிண்ட் அடித்த சிமெண்டுத் தரையைச் சுற்றி உட்காரும், கைக்குழந்தைக்காரிகளும் உட்காருவார்கள், இழவு விழுந்த வீட்டுக்காரர்கள்கூட மூன்றாம் நாள் காரியம் முடிந்ததும் வந்து கடைசி வரிசையில் ஓரமாக உட்காருவார்கள். ஊர்க் கூடைப்பந்துக் கிளப்பில் சித்திரை மாதத்து முதல் ஞாயிறு கையெழுத்து நாள். போன வருஷம் ஆடியவன் அன்றைக்கு வந்து இந்த வருஷமும் ஆடுகிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டால் அவன் ஊருக்குச் சொந்தம். போடுகிற வரை அவன் யாருக்கும் சொந்தமில்லை, எந்த ஊருக்கு வேண்டுமானாலும் எந்தக் கம்பெனிக்கு வேண்டுமானாலும் போகலாம். போகலாம் என்று விதியில் இருந்ததே தவிர, நினைவு தெரிந்து யாரும் போனதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சுருளி வரவில்லை. அவனுக்கென்று ஊற்றி வைத்த காபியில் ஏடு படிந்தது. செக்ரட்டரி சௌந்தரபாண்டியன், சிமெண்டுக் கடை வைத்திருப்பவர், யாரிடமும் எரிந்து விழாதவர், அந்த டம்ளரைத் தானே எடுத்துக்கொண்டு போய் வாசலில் கொட்டிவிட்டு வந்து, சென்னையில் ஒரு பேங்க் அணி அவனைக் கேட்டிருக்கிறது, நிரந்தர வேலை, குடியிருக்க குவார்ட்டர்ஸ், அவன் சரி என்று சொல்லிவிட்டான் என்று, வானிலை அறிக்கை வாசிப்பதுபோல் சொன்னார்.

அன்றிலிருந்து ஊர் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கத்துக்குத் தலைவர் சவுண்ட் சர்வீஸ் காமாட்சி. போட்டிகளுக்கு மைக் பிடித்து வர்ணனை சொல்பவர் அவர்தான், சுருளி என்ற பெயரை ஊரில் அதிகம் தடவை உச்சரித்த வாயும் அவருடையதுதான். இந்த ஊர்த் தண்ணியையும் கைதட்டலையும் குடித்து வளர்ந்தவன் இப்படிச் செய்யலாமா என்பது அவர் கட்சி. மறுபக்கத்துக்கு மருந்துக்கடை லூர்துசாமி. முட்டி தேய்ந்து முப்பத்தைந்து வயதில் மூலையில் உட்காருகிறவனுக்குக் கைதட்டலை அரைத்துப் பத்துப் போட முடியுமா என்பது அவர் கட்சி. இந்தச் சண்டை டீக்கடையில் தொடங்கி, சலூனுக்குப் போய், மாங்காய் மண்டியில் ஏலத்தை நிறுத்தி, இரண்டு வீடுகளில் நிச்சயம் செய்த கல்யாணப் பேச்சைக்கூடக் கொஞ்ச நாள் தள்ளிவைத்தது. பஸ் ஸ்டாண்டில் கட்டியிருந்த ப்ளெக்ஸில் சுருளியின் முகத்தில் தார் பூசினார்கள். சுருளி மனைவி தமயந்தியையும் பேச்சு அப்போதுதான் வந்துகொண்டிருந்த மகளையும் கூட்டிக்கொண்டு ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அந்த ப்ளெக்ஸுக்குக் கீழேயே நின்று பஸ் ஏறினான். வழியனுப்பப் போனது அவனோடு ஆடுகிற தாகிர் ஒருவன்தான். கேஸ் அடுப்பைத் தூக்கி பஸ் மேலே வைத்தான், கயிறு கட்டினான், கயிறு இறுகியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தான், இறங்கினான். வர்றேன் மாப்ள என்றான் சுருளி. சரி மாப்ள என்றான் தாகிர். அவர்களுக்குள் பேச்சு எப்போதும் அவ்வளவுதான்.

அபுதாகிர் அணித் தலைவன். காலையில் அவனுடைய அத்தாவின் பேக்கரியில் பன்னும் ரஸ்க்கும் சுடுவான், சாயங்காலம் பந்தைக் கொண்டுபோவான். நெடுங்கரை ஆட்டக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, அது வேறு ஊரில் கிடையாது. நாலு பக்கமும் ஊர் உட்கார்ந்திருக்கும், ஒரு பக்கம் ட்ரம்செட், ஒரு பக்கம் காமாட்சியின் குழாய் ஸ்பீக்கர், நடுவில் நின்று ஒருவன் இன்னொருவனை எப்படிக் கூப்பிட்டாலும் காதில் விழாது. அதனால் அந்த அணியில் யாரும் பந்து கேட்டுக் கூப்பிடுவதில்லை. ஆளைப் பார்த்துப் போடாதே, இடத்துக்குப் போடு என்றுதான் அங்கே சொல்லிக் கொடுப்பார்கள், ஒவ்வொருவனுக்கும் தரையில் ஓர் இடம், பந்து வரும்போது அவன் அங்கே இருப்பான், இருந்தாக வேண்டும். சுருளியின் இடம் வளையத்துக்கு இடது மூலை, மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே. தாகிர் வலது பக்கம் ஓடிக்கொண்டே, வலது பக்கமே பார்த்துக்கொண்டே, இடது மூலைக்குப் பந்தை வீசுவான்; பள்ளிக்கூடத்துக் காலத்திலிருந்து வீசிய வீச்சில் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை, ஒருமுறைகூடப் பந்து கீழே விழுந்ததில்லை.

வைகாசியில் முதல் ஆட்டம் பழனியிலிருந்து வந்த அணியோடு. ஊர் வந்து உட்கார்ந்திருந்தது, தோற்பதைப் பார்க்கத்தான் வந்திருந்தது. ட்ரம்செட்காரர்கள் குச்சியை மடியில் வைத்திருந்தார்கள். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பழனி ஆட்கள் இரண்டு பேர் தாகிரை வலது பக்கம் மடக்கினார்கள், அவன் கை, அவனைக் கேட்காமல், பந்தை இடது மூலைக்கு வீசிவிட்டது. பந்து போனது. நெஞ்சு உயரத்தில் நின்றது. ஒருவன் அதை வாங்கி, தரையில் ஒரு தட்டுத் தட்டி, முட்டியை மடக்கி எழும்ப எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரத்தில் பந்து தானாகத் தரையில் ஒருமுறை தட்டியது, மேலே எழும்பியது, வளைந்து போய் வளையத்தின் இரும்பில் படாமல் வலைக்குள் விழுந்தது. ஒருவரும் கத்தவில்லை. காமாட்சி மட்டும், பழக்கதோஷத்தில், "சுருளிவேல், மூன்று புள்ளி" என்று மைக்கில் சொல்லிவிட்டுத் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். பலகைக்காரன் மூன்றை ஏற்றினான். நடுவர் பலகையைப் பார்த்தார், பந்தைப் பார்த்தார், விசில் வாயில் இருந்தது, ஊதுவதற்கு ஒன்றும் இல்லாததுபோல் அதை எடுத்துச் சட்டையில் துடைத்தார்.

அன்று பந்து பலமுறை அந்த மூலைக்குப் போனது. நெடுங்கரை ஜெயித்தது.

ஏன், எப்படி என்று ஊர் அதிக நேரம் கேட்கவில்லை; அதைவிட அவசரமான கேள்விகள் இருந்தன. நெடுங்கரை ஆறு பேரோடு ஆடுகிறது என்று பழனி அணி புகார் கொடுத்தது. கூடைப்பந்துச் சங்கத்து ஆட்கள் ஒரு மண்டபத்தில் கூடி, பூரிக்கிழங்கு சாப்பிட்டு, விதிப்புத்தகத்தை இரண்டு பக்கமும் புரட்டி, களத்தில் இல்லாத ஒருவரை வெளியேற்ற விதியில் இடமில்லை, அதேபோல் ஆறு பேர் ஆடவும் இடமில்லை, ஆகவே நெடுங்கரை இனி நான்கு பேரோடு இறங்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். சுருளிக்குப் பதிலாக எடுக்கப்பட்டவன் பெஞ்சில் உட்காரவைக்கப்பட்டான். அவன் முகத்தில் அவ்வளவு நிம்மதியை அவன் வீட்டார் அதற்கு முன் பார்த்ததில்லை.

பிறகு எல்லாம் தன் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. இடைவேளையில் பெஞ்சில் ஐந்தாவது துண்டு ஒன்றை மடித்து வைத்தார்கள், ஆட்டம் முடிந்து எடுத்தால் பிழிகிற ஈரமாக இருந்தது. எதிரணி ஆள் ஒருவன் அந்த மூலையில் வெறுங்காற்றோடு மோதி விழுந்தபோது நடுவர் கொஞ்சம் யோசித்து, விழுந்தவன் மேலேயே குற்றம் என்று தீர்ப்புச் சொன்னார், விழுந்தவனும் எழுந்து தலையாட்டினான், அங்கே ஒரு வேர்வை வாடை அடித்ததாகவும் மூச்சுச் சத்தம் கேட்டதாகவும் பிறகு சொன்னான். மூலைக்கு நேர் பின்னால் இருந்த படிகளில் யாரும் உட்காருவதில்லை. கூட்டுகிற அஞ்சலை அந்த இடத்தைச் சுற்றிக் கூட்டிவிட்டு நடுவில் விளக்குமாற்றைப் போடாமல் போனாள். கல்யாணப் பத்திரிகை வைக்கக் கிளப்புக்கு வந்தவர்கள் ஒன்றை அந்த மூலைக் கம்பத்தில் செருகிவிட்டுப் போனார்கள். பஸ் ஸ்டாண்டில் தார் பூசிய ப்ளெக்ஸ் இறங்கி வேறு ப்ளெக்ஸ் ஏறியது. அதில் ஆள் படமே இல்லை, காலியான பச்சைத் தரை, மேலே பூமாலை, கீழே எங்கள் சுருளி எங்கேயும் போகவில்லை என்ற எழுத்து. ஒரே ஒரு விஷயத்தில் எல்லோரும் கவனமாக இருந்தார்கள். ஆடுகிறவர்கள் அந்த மூலையை நேராகப் பார்ப்பதில்லை. பார்த்தால் கலைந்துவிடும் என்று யாரோ சொன்னார்கள், சொன்னது யார் என்று தெரியவில்லை, அதனாலேயே அது உறுதியாக நின்றது.

சண்டை நிற்கவில்லை, முகம் மாறியது. சென்னைக்குப் போனது சம்பளம் வாங்குகிற சுருளி, ஆடுகிற சுருளி இங்கேதான் நிற்கிறான், அங்கே இருக்கிறது டூப்ளிகேட் என்றார் காமாட்சி. "அப்ப தார எவன் மூஞ்சில பூசுன? டூப்ளிகேட்டு மூஞ்சிலயா, ஒரிஜினல் மூஞ்சிலயா?" என்று லூர்துசாமி கேட்டார். டீக்கடை சிரித்தது. காமாட்சி அசரவில்லை: "ரெண்டுல எது கோவிச்சுக்கிட்டுப் போச்சோ அது மூஞ்சில." பேங்க் அணி தோற்றுப்போன செய்தியும், சுருளியை அவர்கள் ஆட்டத்தில் இறக்காமல் பெஞ்சில் உட்காரவைத்திருக்கிற செய்தியும் வந்த நாட்களில் காமாட்சி கட்சிக்காரர்கள் பஸ் ஸ்டாண்டில் லட்டு கொடுத்தார்கள். லூர்துசாமி வாங்கவில்லை, பிறகு ஒருநாள் வாங்கினார்.

தாகிருக்கு இந்தப் பேச்சில் கட்சி இல்லை. ஆனால் ஒன்று நடந்துவிட்டது. அத்தனை வருஷமும் மைக்கில் கடைசியாக வந்த பெயர் சுருளியுடையது, பந்தைக் கொடுத்தவன் பெயரை யாரும் சொல்வதில்லை. இப்போது வாங்குகிறவனைப் பார்க்க முடியாததால் ஊர் கொடுக்கிறவனைப் பார்த்தது. தாகிர் தாகிர் என்று நாலு பக்கமும் எழுந்து நின்றது. பேக்கரியில் பன் வாங்க வந்தவர்கள் அவன் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். அத்தா கல்லாவில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்து, இஸ்திரி போட்ட சட்டையில் வர ஆரம்பித்தார். தாகிருக்கு அது இனித்தது, இனித்ததை அவன் ஒளித்துக்கொள்ளவுமில்லை. அதைவிட, வேறு ஒன்று இருந்தது, அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை: பந்து கையை விட்டுப் போனதும் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பதில் வந்தது. அவனும் சுருளியும் பேசியதெல்லாம் அந்தப் பந்தில்தான். போனில் கூப்பிட்டால் சுருளியின் குரல் தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலிருந்து வருவதுபோல் மெலிந்து வந்தது, நல்லாயிருக்கேன் மாப்ள, தூக்கந்தான் ஜாஸ்தியா வருது என்றது, அடுத்த வார்த்தைக்குள் அசந்துபோனது. சாயங்காலம் மூலையில் நிற்கிறவன் அப்படி இல்லை. அவன் ஒருபோதும் தவறவிடவில்லை.

அரையிறுதி ஜெயித்த மறுநாள் மத்தியானம் தமயந்தி வந்தாள். சென்னை பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போகாமல் நேராகப் பேக்கரிக்கு வந்து, கண்ணாடிப் பெட்டிக்கு இந்தப் பக்கம் பையோடு நின்றாள். தாகிர் உள்ளே கூப்பிட்டான், அடுப்புச் சூட்டில் உட்கார முடியாது என்று ஸ்டூலைப் பின்வாசலுக்குக் கொண்டுபோய்ப் போட்டான், தேங்காய் பன்னும் டீயும் வைத்தான். அவள் அதைத் தொடவில்லை.

கொஞ்ச நேரம் சென்னையைப் பற்றிச் சொன்னாள். குவார்ட்டர்ஸ் நன்றாக இருக்கிறது, தண்ணீர் காலையில் வருகிறது, பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆந்திராக்காரர்கள். பிறகு, அதே குரலில், சாயங்காலமானால் அவர் வீட்டில் இருந்துகொண்டே இல்லாமல் போய்விடுகிறார் என்றாள். உட்கார்ந்த இடத்தில் கண் மூடிக்கொள்கிறது, எழுப்பினால் எழும்புவதில்லை, கையும் காலும் மட்டும் வெட்டி வெட்டி இழுக்கிறது, எழுந்த பிறகு வேர்வையில் நனைந்து கிடக்கிறார். பேங்க் டாக்டர் பார்த்தார், வெளி டாக்டர் பார்த்தார், ரத்தத்தில் ஒன்றும் இல்லை. உள்ளங்காலைத் துடைத்துவிட்டால் துணியில் பச்சைப் பெயிண்ட் ஒட்டுகிறது. அங்கே அவர் ஆடுகிற தரை மரத்தரை.

"கட்டில்ல உக்காந்தா மெத்தை அமுங்க மாட்டேங்குதுண்ணே," என்றாள். "புள்ள அவரு மடியில உக்காந்துக்கிட்டே அப்பா எங்கன்னு கேக்குது."

மழைக்காலம் முடியுமுன் பேங்கில் உடல் தகுதி பார்ப்பார்கள், அதில் தேறாவிட்டால் வேலை போய்விடும் என்றாள். வேலையைப் பற்றி இப்போது தனக்குக் கவலையில்லை, அதுவரைக்கும் ஆள் இருக்க வேண்டுமே என்றாள்.

"அவருக்குப் பந்து போடாதீங்கண்ணே."

"நான் போடலம்மா," என்றான் தாகிர். "கை போடுது."

"அப்ப ஒரு தடவ திரும்பிப் பாருங்க. பாத்துட்டு உங்களால போட முடிஞ்சா போடுங்க. நான் கேக்க மாட்டேன்."

டீயை அவன் வற்புறுத்தியதற்காக ஒரு வாய் குடித்தாள். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருப்பதாகச் சொல்லி, அடுத்த பஸ்ஸுக்கே திரும்பினாள். பஸ் ஸ்டாண்டில் அவள் அந்தக் காலி ப்ளெக்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றதை நாலு பேர் பார்த்திருக்கிறார்கள்.

அவள் வந்ததும் சொன்னதும் பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. செக்ரட்டரியும் காமாட்சியும் லூர்துசாமியும் சேர்ந்து பேக்கரிக்கு வந்தார்கள்; இந்த மூன்று பேரும் ஒரே வாசலில் செருப்பைக் கழற்றியது சித்திரைக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. யாரும் மிரட்டவில்லை. நெடுங்கரை இதுவரை கோப்பை வாங்கியதில்லை என்பதைச் செக்ரட்டரி நினைவூட்டக்கூட இல்லை, கோப்பையை வைக்கக் கிளப்பில் அலமாரி செய்யக் கொடுத்திருப்பதை மட்டும் சொன்னார். சுருளி நம்ம பிள்ளை, அவனுக்கு ஒன்று என்றால் ஊர் சும்மா இருக்குமா என்றார். காமாட்சி, தமயந்தி பாவம், புது ஊர், தனியாக இருக்கிறாள், பயந்துபோய் ஏதேதோ நினைக்கிறாள் என்றார். தாகிர் லூர்துசாமியைப் பார்த்தான். சுருளி போவதற்காக ஊரையே எதிர்த்து நின்றவர் அவர் ஒருவர்தான். ஆறு வாரத்துக்கு அவர் கடையில் பாதிப் பேர் தலைவலி மாத்திரைகூட வாங்கவில்லை.

லூர்துசாமி கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்தார். "ஞாயித்துக்கெழம ஒரு மேட்ச்தானப்பா," என்றார். "அது முடிஞ்சதும் நானே மெட்ராஸ் போயி அவனப் பாக்குறேன். நல்ல டாக்டரு எனக்குத் தெரியும்."

அதற்குப் பிறகு ஊரில் இரண்டு கட்சி இல்லை. டீக்கடை அமைதியாக இருந்தது. தள்ளிப்போன கல்யாணங்களுக்கு நாள் குறித்தார்கள். இப்படி ஒரு ஒற்றுமையை நெடுங்கரை அதற்கு முன்பு கண்டதில்லை என்று செக்ரட்டரி மேடையில் சொன்னபோது எல்லோரும் கைதட்டினார்கள், தாகிரும் தட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியதும் விளக்குகளைப் போட்டார்கள். கோயம்புத்தூர் மில் அணி, எல்லாம் தேர்ந்த ஆட்கள், நெடுங்கரையைப் பற்றிக் கேள்விப்பட்டு இரண்டு பேரை அந்த மூலைக்கென்றே தயார் செய்து கொண்டுவந்திருந்தார்கள். தாகிர் முதல் பாதியில் பந்தை வலது பக்கமே கொண்டுபோனான், தானே எறிந்தான், உள்ளே கொடுத்தான், அவன் கை இடது பக்கம் போகும்போதெல்லாம் மணிக்கட்டை வயிற்றோடு சேர்த்துப் பிடித்தான். நான்கு பேர் ஐந்து பேரோடு ஆடுகிற ஆட்டம் எப்படிப் போகுமோ அப்படிப் போனது. ஊர் பொறுத்துப் பார்த்தது. இடைவேளையில் பெஞ்சில் மடித்து வைத்த ஐந்தாவது துண்டு மடித்தபடியே, உலர்ந்து, இருந்தது. அதைப் பார்த்த செக்ரட்டரி தாகிரின் தோளில் கை வைத்தார், அழுத்திவிட்டு எடுத்துக்கொண்டார், அந்தக் கை சொன்னது போதுமானதாக இருந்தது.

இரண்டாம் பாதியில் அவன் கை மூன்று முறை அவனை மீறியது. மூன்றும் வளையத்தில் விழுந்தன. தயார் செய்து கொண்டுவந்த இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டார்கள். ட்ரம்செட் வெறிபிடித்து அடித்தது, தாகிர் தாகிர் என்று படிகள் அதிர்ந்தன, ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தபோது, இருக்கிறான், இங்கேதான் இருக்கிறான் என்று அவன் உடம்பு முழுக்கச் சந்தோஷப்பட்டது, அந்தச் சந்தோஷத்துக்கு நடுவே, எங்கோ ஒரு வீட்டில் அமுங்காத மெத்தை ஒன்று கிடந்தது.

கடைசி நொடிகளில் நெடுங்கரை ஒரு புள்ளி பின்னால். பந்து தாகிரிடம். மைதானத்தில் இருந்தவர்கள் எல்லோரும், கோயம்புத்தூர்க்காரர்கள் உட்பட, அது எங்கே போகப் போகிறது என்று தெரிந்து வைத்திருந்தார்கள். வலது பக்கம் ஓடினான், மூலைக்கென்று வந்த இரண்டு பேரும் அதை விட்டுவிட்டு அவனையே மடக்கினார்கள், கை எழும்பியது.

அவன் திரும்பிப் பார்த்தான்.

சுருளி நின்றுகொண்டிருந்தான். ஆட்டச் சட்டை இல்லை, வீட்டில் கட்டுகிற கைலியும் ஒரு பழைய பனியனும், வெறுங்கால். ஆள் பாதியாக இளைத்திருந்தான், கழுத்து எலும்பு தெரிந்தது. கண்கள் மூடியிருந்தன. தூங்குகிறவன் முகம், உதடு லேசாகப் பிளந்து, ஓரத்தில் எச்சில் காய்ந்திருந்தது. கைகள் மட்டும் விழித்திருந்தன. நீட்டிய கைகள், விரல்கள் விரிந்து, போடு போடு என்று கேட்டுக்கொண்டிருந்தன.

தாகிர் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். மடக்க வந்த இரண்டு பேரும் ஏதோ தந்திரம் என்று நினைத்து ஓர் அடி பின்வாங்கினார்கள். நாலு பக்கமும் ஊர் எழுந்து நின்று ஒரே சொல்லைக் கத்தியது, அது அவனுக்குக் கேட்கவில்லை, அந்த மைதானத்தில் யாருக்கும் எதுவும் கேட்காது. அவன் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான், விரல்கள் மடங்கி விரிவதை, மறுபடியும் விரிவதை. கை கொடுக்கச் சொன்னது. பந்தில் அவன் நகம் பதிந்தது. ஆட்டம் முடிந்ததென்று சைரன் ஊதியது.

நீட்டிய கைகள் மெல்ல இறங்கின. சுருளி கண்ணைத் திறந்தான். சோற்றுத் தட்டை முன்னாலிருந்து இழுத்துவிட்டால் ஒருவன் எப்படிப் பார்ப்பானோ அப்படிப் பார்த்தான். பிறகு கைலியை அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு, கோட்டுக்கு வெளியே இறங்கி, ஓரமாகவே நடந்து, வாசலைப் பார்த்துப் போனான். வாசலில் கூட்டம் நெரிந்து நின்றது, எல்லோரும் தாகிரைப் பார்த்து வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அவர்கள் யாரும் எதையும் காணவில்லை; ஆனாலும் ஒருவன் நடக்கிற அகலத்துக்கு, கூட்டத்தின் நடுவே, வாசல்வரை, ஒரு வழி விட்டு அவர்கள் விலகி நின்றதைத் தாகிர் பார்த்தான். காமாட்சிகூட மைக் ஒயரைத் தூக்கிப் பிடித்தார், ஏன் தூக்கினோம் என்று தெரியாமல், கொஞ்ச நேரம் பிடித்தபடியே நின்றார்.

நடுவர் வந்து பந்தைக் கேட்டார். இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது.

மறுநாள் காலையில் பேக்கரி ஷட்டரில் தார் பூசியிருந்தது. அத்தா அதைப் பார்த்துவிட்டு, உள்ளே போய், மண்ணெண்ணெயும் துணியும் எடுத்துக்கொண்டு வந்தார். பன் வாங்க ஒருவரும் வரவில்லை. தாகிர் அன்றைய மாவைப் பிசைந்து முடித்த நேரத்தில் போன் அடித்தது.

"ஏன்டா போடல?" என்றான் சுருளி.

தாகிருக்கு ஒரு நொடி யார் என்று புரியவில்லை. அவ்வளவு பெரிய குரல் அது, போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது, அடுப்படியில் நின்ற வேலையாள் திரும்பிப் பார்த்தான்.

"சாப்பிட்டியா மாப்ள?" என்றான்.

"பேச்ச மாத்தாத. ஒரு பய என் பக்கத்துல இல்ல. சும்மா நிக்கிறேன். எம்புட்டு நேரம் கைய நீட்டிக்கிட்டு நின்னேன் தெரியுமா? நீ என்னையப் பாத்த. பாத்துக்கிட்டே வச்சிருந்த. எந்த ஊர்க்காரனாச்சும் செய்வானாடா இத?"

தாகிர் மாவு ஒட்டிய கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் உருண்டது. அப்பா கத்தாத, அப்பா கத்தாத என்று குழந்தை அழுதது, நீ சும்மா இருடி என்று அவன் அதையும் அதட்டினான், அது இன்னும் பலமாக அழுதது.

"பள்ளிக்கூடத்துலேர்ந்து ஒருநாளு நீ இப்படிச் செஞ்சதில்ல," என்றான் சுருளி. "இனிமே உனக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல. இனிமே நீ எனக்குப் பந்தே போடாத."

வைத்துவிட்டான்.

"சரி மாப்ள," என்றான் தாகிர்.